ரொக் மிக்ஸ்ல எல்லாம் கேக்கணும் எண்டா எதக் குறைக்கணும்?

போன மாசம் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிற ஒரு தம்பி தங்கட பேண்ட்ட பாட்டு ஒண்ட எனக்கு வட்ஸ்அப்ல அனுப்பினான். ரெண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், பாடுறவன் ஒராள், கோரஸ்ல சேர்ந்து கத்துறதுக்கு ரெண்டு பேர். வெள்ளத்தைப் பத்தின பாட்டு, "முகத்துவாரம் வெட்டுங்கடா" எண்டு கோரஸ்ல வரும் (வாவி கடலோட சேருற வாயில உள்ள மணல வெட்டி வெள்ளத்தக் கடலுக்கு விடச் சொல்றது), நல்ல வேகம், நல்ல கோவம். அவன் கேட்டது இதுதான்: "அண்ண, ஒவ்வொண்டையும் தனியப் போட்டுக் கேட்டா அந்த மாதிரி இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா ஒரே இரைச்சல். எதக் கூட்டினாலும் இன்னொண்டு காணாமப் போகுது. கடைசியா எல்லா ஃபேடரும் மேல போய் முட்டிட்டு, ஆனா பாட்டு சின்னதாத்தான் கேக்குது." (ஃபேடர் எண்டா ஒவ்வொரு சத்தத்தயும் கூட்டிக் குறைக்கிற இழுவைக் கட்டை.)

நான் வொய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்லப் போய் அது நீண்டு நீண்டு போயிட்டு, அதான் எழுதியே போடுவம் எண்டு. மிக்ஸிங்ல கை வச்சே பாக்காத ஆக்களுக்கும் விளங்கணும். மிக்ஸிங் எண்டா தனித்தனியா ரெக்கோட் பண்ணின சத்தங்கள ஒரே பாட்டா சேர்க்கிற வேலை, எது எவ்வளவு சத்தமா வரணும், இடப்பக்கமா வலப்பக்கமா, கிட்டயா தூரத்திலயா, தடிப்பாவா மெல்லிசாவா எண்டு முடிவெடுக்கிறது. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும் உள்ள பாட்டுக்கு இது லேசு. எல்லாரும் ஒரே நேரத்தில முழு வேகத்தில அடிக்கிற ரொக் பாட்டுக்குத்தான் கஷ்டம். ஏன் கஷ்டம் எண்டு முதல்ல விளங்கணும், அது விளங்கினா எந்தக் குமிழத் திருப்புற எண்டுறது பிறகு தன்னால வரும்.

கல்யாண வீட்டுல பெரிய பொக்ஸ் வச்சுப் பாட்டுப் போட்டிருக்கக்குள்ள பக்கத்துக் கதிரையில இருக்கிற மாமா என்ன கதைக்கிறார் எண்டு விளங்காது. ஆனா அதே நேரம் சமையல் பக்கம் ஒரு கரண்டி சீமெந்து நிலத்துல விழுந்தா "டிங்" எண்டு கேக்கும். கரண்டிச் சத்தம் மாமாட குரல விடப் பெரிசா எண்டா இல்ல. மாமாட குரல் இருக்கிற அதே இடத்துலதான் பாட்டுப் பாடுறவன்ட குரலும் கீபோர்டும் இருக்கு, கரண்டி விழுற சத்தம் அதுக்கெல்லாம் மேல, ஆரும் இல்லாத இடத்துல இருக்கு. நம்மட உள்காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு, அதிண்ட ஒரு அந்தத்துல கீச்சுச் சத்தம் படும், மற்ற அந்தத்துல தடிச்ச சத்தம் படும், நடுவுல உள்ளதெல்லாம் வரிசையா. நீட்டு வாங்கு ஒண்டுல ஆக்கள் குந்தி இருக்கிற மாதிரி நினைச்சுக் கொள்ளுங்க. ஒரே இடத்துல ரெண்டு சத்தம் வந்து குந்தினா பெரிசு சின்னத்த மறைச்சுப் போடும். இதத்தான் மாஸ்கிங் எண்டு சொல்றது, மறைப்பு. தம்பிட பாட்டுல நடந்தது முழுக்க இதுதான், அவன் வொல்யூம் பிரச்சின எண்டு நினைச்சுக் கூட்டிக் கொண்டே போனான், உண்மையில அது இடப் பிரச்சின.

இதுக்கு நம்மட ஊர்லயே ஒரு பாடம் இருக்கு. வடமோடிக் கூத்து விடிய விடியப் பாத்த ஆக்கள் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. மத்தளம் அடிக்குது, சல்லரி தட்டுது, ஆடுறவங்கட கால்ல சதங்கை, அண்ணாவியார் பாடுறார், பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுறாங்க. இவ்வளவும் ஒண்டாப் போகக்குள்ளயும் பாட்டிண்ட சொல்லு விளங்குது. ஏனெண்டா மத்தளத்திண்ட உடம்பு கீழ இருக்கு, சல்லரியும் சதங்கையும் உச்சியில இருக்கு, நடுப்பகுதி முழுக்க மனிசக் குரலுக்கு விட்டுக் கிடக்கு. மைக்கும் ஆம்பும் இல்லாத காலத்துல வெட்ட வெளியில ஆடி ஆடி இந்த ஒழுங்க நம்மட ஆக்கள் காதாலயே கண்டு பிடிச்சிருக்காங்க எண்டுதான் நான் நம்புறன், எனக்கு இத நினைக்கக்குள்ள எல்லாம் பெருமையா இருக்கும். ரொக் பேண்ட்ல என்ன நடக்குது எண்டா அந்த நடு இடத்துல ரெண்டு டிஸ்டோர்ஷன் கிட்டார், அதாவது கரகரப்பா இரையிற கிட்டார், வந்து கால நீட்டிக் குந்திருது.

இனி கொஞ்சம் இலக்கம். மனிசக் காதுக்குக் கேக்கிறது கிட்டத்தட்ட 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், வயசு போகப் போக மேல் பக்கம் குறையும். ஹெர்ட்ஸ் எண்டா ஒரு செக்கனுக்கு எத்தின தரம் அதிருது எண்டுற கணக்கு. பேஸ் கிட்டாரிண்ட ஆகத் தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், சாதாரண கிட்டாரிண்ட ஆகத் தடிச்ச கம்பி 82, சரியா ரெண்டு மடங்கு, அதனாலதான் ரெண்டும் ஒரே சுரம் ஒரு ஸ்தாயி வித்தியாசத்துல கேக்குது. (இந்த மடங்குக் கணக்கு நமக்கு வெளியூர்ச் சாமான் இல்ல, 1892ல காரைதீவுல பிறந்த சுவாமி விபுலானந்தர் யாழ் நரம்புகளயும் சுரங்களயும் இப்பிடிக் கணக்குப் போட்டுத்தான் ஆராய்ஞ்சவர், அவர் விஞ்ஞானமும் படிப்பிச்ச மனிசன்.) கிக் ட்ரம், அதாவது காலால பெடல் மிதிச்சு அடிக்கிற பெரிய ட்ரம், அதிண்ட குத்து 50இல இருந்து 80 ஹெர்ட்ஸ் கிட்ட இருக்கும், அதே கிக்ல பெடல் தோல்ல படுற "டக்" சத்தம் 3,000, 4,000 கிட்ட. ஸ்னேர், அதாவது குச்சியால "டப்" எண்டு அடிக்கிற சின்ன ட்ரம், அதிண்ட உடம்பு 200 சுத்தி. பாடுறவன்ட நெஞ்சுச் சத்தம் கீழ 100, 200ல, ஆனா அவன் என்ன சொல்லுறான் எண்டு விளங்க வைக்கிற க, ச, ட, த எல்லாம் 2,000க்கும் 5,000க்கும் இடையில. சிம்பல் அதுக்கு மேல.

இதுல 200க்கும் 400க்கும் இடையில ஒரு இடம் இருக்கு பாருங்க, கிட்டாரிண்ட வயிறு, ஸ்னேரிண்ட உடம்பு, குரலிண்ட நெஞ்சு, பேஸிண்ட மேல் பக்கம், டொம் எண்டுற மற்ற ட்ரம் எல்லாம் அங்கதான் வந்து சேரும். பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம் கல்முனை பஸார் மாதிரி. ஆரும் பிழையான ஆள் இல்ல, எல்லாருக்கும் அங்க அலுவல் இருக்கு, ஆனா ஒராளும் நகர ஏலாது. மிக்ஸ் சேறு மாதிரி, போர்வைக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி இருக்கு எண்டு சொன்னா பத்துக்கு எட்டுத் தரம் இந்த இடந்தான் காரணம் எண்டு என்ட அனுபவம்.

டிஸ்டோர்ஷனப் பத்தியும் ஒரு விசயம் தெரிஞ்சிருக்கணும். கிட்டார்ச் சத்தத்த ஆம்ப் தாங்காத அளவுக்குத் தள்ளினா அலையிண்ட தலையும் வாலும் தட்டையாப் போகும். அப்பிடித் தட்டையாகக்குள்ள ரெண்டு விசயம் நடக்குது. ஒண்டு, இல்லாத மேல் சுரங்கள் நிறையப் பிறக்குது, ஒரு நோட் அடிச்சாலும் அது வாங்கிண்ட பாதிய நிரப்பிரும். ரெண்டாவது, மெல்ல அடிச்சதும் ஓங்கி அடிச்சதும் ஒரே அளவாப் போயிரும், ஏத்தம் இறக்கம் இல்லாம பாய் விரிச்ச மாதிரி வரும். ட்ரம்ஸ் அதுக்கு நேர் எதிர், அது குத்துக் குத்தா எழும்பி விழும். பாயக் கூட்டக் கூட்ட அந்தக் குத்துகள் மூடுப்படும். குத்து மூடுப்பட்டா பாட்டிண்ட வேகம் போயிரும். அதனாலதான் கிட்டாரக் கூட்டினா பாட்டுப் பெரிசாகும் எண்டு நாம நினைக்க அது சின்னதாகுது.

ஆனபடியா முதல் மருந்து மிக்ஸர்ல இல்ல, கிட்டார்க்காரன்ட கையில இருக்கு. நான் தம்பிக்குச் சொன்ன முதலாவது விசயம், கெயின, அதாவது ஆம்ப எவ்வளவு தள்ளுற எண்டுற குமிழ, குறைச்சுத் திரும்ப ரெக்கோட் பண்ணு எண்டு. எட்டுல வச்சிருந்தா அஞ்சுக்குக் கொண்டு வா. தனியக் கேட்டா மெல்லிசா, வெறுமையா இருக்கும், பயப்படாத. ரெண்டாவது, ரெண்டு கிட்டாரும் ஒரே கோர்ட ஒரே இடத்துல புடிக்காதீங்க. ஒராள் கீழ தடிச்ச கம்பியில அடிச்சா மற்றவர் கழுத்துல மேல ஏறி அதே கோர்ட சின்னதாப் புடிக்கட்டும், இல்லாட்டி ஒராள் இழுத்து விடக்குள்ள மற்றவர் வெட்டி வெட்டி அடிக்கட்டும். கூத்துல ஒருத்தர் பாடி முடிய மற்றவங்க எடுக்கிற மாதிரி. இந்த அடுக்கு வேல சரியா இருந்தா மிக்ஸிங்ல பாதி வேல இல்ல, இது சரியில்லாட்டி எந்த விலைக்குச் சொஃப்ட்வெயார் வாங்கினாலும் ஒண்டும் நடக்காது.

மூணாவதா டபிள் ட்ரெக்கிங். பெரிய ரொக் பாட்டுகள்ல கிட்டார் ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்குதே, அது ஒரு ஆள் அதே பகுதிய ரெண்டு தரம் வாசிச்சு ஒண்ட முழுசா இடப்பக்கமும் மற்றத முழுசா வலப்பக்கமும் போடுறது. ரெண்டு தரமும் வாசிக்கணும், இதத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றன். கொப்பி பண்ணி மற்றப் பக்கம் ஒட்டினா வேல செய்யாது, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தா காது அத நடுவுல இருந்து வருது எண்டுதான் எடுக்கும், அகலம் வராது, சத்தம் மட்டும் கூடும். கொப்பிய ஒரு 15, 20 மில்லிசெக்கன் தள்ளி வச்சா அகலமாக் கேக்கும்தான், ஆனா அத ஒரு ஸ்பீக்கர்ல போட்டா தகரக் குழாய்க்குள்ளால வாற மாதிரி ஆகிரும். மனிசன் ரெண்டு தரம் வாசிக்கக்குள்ள வாற அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். தம்பி கொப்பிதான் பண்ணி வச்சிருந்தான்.

ரெக்கோட் பண்ற அறையப் பத்தி ஒரு சொல்லு. அனேகமா நம்மட ஆக்கள் வாசிக்கிறது சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள அறை. மருதமுனைப் பக்கம் நெய்யிற தடிச்ச பெட்ஷீட்ட சுவர விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொங்க விட்டா சிம்பலும் ஸ்னேரும் சுவர்ல பட்டுத் திரும்புற கீச்சு நல்லாக் குறையும். தடிச்ச சத்தத்துக்குத் துணி காணாது, அதுக்கு மெத்தைகள மூலையில நிமித்தி வச்சுப் பாருங்க. மழைக்குள்ள தகரத்துக்குக் கீழ ட்ரம்ஸ் ரெக்கோட் பண்ண வேணாம், அந்த இரைச்சல் சிம்பல் இருக்கிற இடத்துலயே இருக்கு, பிறகு பிரிச்சு எடுக்க ஏலாது.

இப்ப மிக்ஸுக்கு வருவம். சொஃப்ட்வெயார் எதெண்டாலும் பரவாயில்ல, நான் ரீப்பர் பாவிக்கிறன், அது 60 நாளைக்குக் காசு இல்லாம முழுசாப் பாவிச்சுப் பாக்கலாம். எல்லா ஃபேடரயும் கீழ இறக்குங்க. எல்லாத்தயும் நடுவுக்குக் கொண்டு வந்து மொனோவுல போடுங்க, அதாவது இடம் வலம் இல்லாம ஒரே சத்தமா. முதல்ல கிக், ஸ்னேர், பிறகு குரல். இந்த மூணும் ஒண்டோட ஒண்டு நல்லா நிக்கிற வரைக்கும் வேற ஒண்டயும் தொட வேணாம். பிறகு பேஸ், ஆகக் கடைசியாத்தான் கிட்டார். கிட்டார மெல்ல மெல்ல ஏத்துங்க, குரலிண்ட ஒரு சொல்லு விளங்காமப் போற இடத்துல நிப்பாட்டி ஒரு சொட்டுக் கீழ இறக்குங்க. கிட்டார முதல்ல ஏத்திட்டா மற்றதெல்லாம் அதோட சண்டை புடிச்சுக் கொண்டே மேல வரும், தம்பிட ஃபேடர் எல்லாம் முட்டினது அப்பிடித்தான். மொனோவுல ஏன் எண்டா, இடம் வலமாப் பிரிச்சுப் போட்டா மறைப்பு இருக்கிறது தெரியாம ஒளிஞ்சிரும், ஆனா ஃபோன்லயும் கடைகள்ல உள்ள ஒத்த ஸ்பீக்கர்லயும் போடக்குள்ள அது வெளிய வந்திரும். மொனோவுல சொல்லு விளங்கினா எங்கயும் விளங்கும்.

இந்த வேலைய மெல்லிய சத்தத்துல செய்யுங்க, பக்கத்துல ஒராள் இருந்தா குரல உயர்த்தாமக் கதைக்கக் கூடிய அளவு. 1933ல ஃப்ளெச்சர், மன்சன் எண்டு ரெண்டு ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில இத அளந்து காட்டினவங்க, சத்தம் குறைவா இருக்கக்குள்ள நம்மட காது கீழ் சுரத்தயும் ஆக மேல் சுரத்தயும் குறைச்சுத்தான் எடுக்கும், சத்தம் கூடக் கூட அதெல்லாம் நிரம்பி வரும். அதனால சத்தமாப் போட்டா எந்த மோசமான மிக்ஸும் நல்லாக் கேக்கும், உங்களுக்கு உற்சாகம் வந்திரும், அடுத்த நாள் மெல்லப் போட்டா ஒண்டும் இருக்காது. மெல்லிசாக் கேக்கக்குள்ளயே பாட்டுத் துள்ளுது எண்டா அது உண்மையாத் துள்ளுது. இடைக்கிடை ஒரு நிமிசம் சத்தமாப் போட்டுக் கிக்கயும் பேஸயும் சரி பாருங்க, அவ்வளவுதான். 85 டெசிபெல்ல (டெசிபெல் எண்டா சத்தம் எவ்வளவு பெரிசு எண்டு சொல்ற அளவு) எட்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா காதுக்குக் கூடாது எண்டு ஒரு அளவு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடவும் அந்த நேரம் பாதியாகும். ஒரு ரொக் பேண்ட் சின்ன அறைக்குள்ள வாசிக்கக்குள்ள 100ஐத் தாண்டுறது சாதாரணம். பஞ்சு அடைச்சா காணாது, இயர் ப்ளக் வாங்குங்க, காது போனா திரும்ப வராது தம்பிமார்.

அடுத்தது ஈக்யூ, அதாவது ஒரு சத்தத்துக்குள்ள கீழ், நடு, மேல் பகுதிகளத் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கிறது. இந்தப் பாட்டே வெள்ளத்தப் பத்தின பாட்டு எண்டபடியா அப்பிடியே சொல்றன், வயலுக்குள்ள தண்ணி நிக்கக்குள்ள நாம வயல உயர்த்துறேல்ல, முகத்துவாரத்த வெட்டி விடுறம். மிக்ஸ்லயும் கூட்டுறத விட வெட்டுறதுதான் முதல் வேல. கிட்டாருக்கு ஹை பாஸ் ஃபில்டர் எண்டு ஒண்டு போட்டு 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளத எடுத்து விடுங்க, அங்க கிட்டாருக்கு வேலையே இல்ல, அது பேஸிண்டயும் கிக்கிண்டயும் வளவு. குரலுக்கும் அப்பிடித்தான், மைக்ல படுற காத்துச் சத்தம், நிலத்துல கால் தட்டுற சத்தம் எல்லாம் அதோட போகும். பிறகு கிட்டார்ல 250க்கும் 400க்கும் இடையில ஒரு 2, 3 டெசிபெல் குறைங்க. பிறகு குரலிண்ட சொல்லு இருக்கிற 2,000, 3,000 பக்கம் கிட்டார்ல இன்னொரு 2 டெசிபெல். பெரிய குழி வெட்ட வேணாம், கிட்டார் செத்துப் போயிரும், அதுக்குக் கடி குடுக்கிறதும் அந்த இடந்தான்.

இங்கதான் எல்லாரும் பிழை விடுற இடம். வெட்டிட்டு உடனே கிட்டார சோலோ பட்டன் அமத்தித் தனியக் கேப்பாங்க, "ஐயோ மெல்லிசாப் போயிட்டே" எண்டு திரும்பக் கூட்டிருவாங்க. தம்பி கேள்வியிலயே சொன்னானே தனியக் கேட்டா அந்த மாதிரி இருக்கு எண்டு, அதுதான் நோயே. ஒவ்வொண்டும் தனிய முழுசா இருந்தா சேர்க்கக்குள்ள இடம் எங்க இருக்கும்? நல்ல ரொக் மிக்ஸ்ல உள்ள கிட்டாரத் தனியக் கேட்டா அனேகமா உங்களுக்குப் புடிக்காது. அது தனியக் கேக்கிறதுக்குச் செய்தது இல்ல, கீழ பேஸ் வந்து அதுக்கு உடம்பு குடுக்கும் எண்டு நம்பிச் செய்தது. ஈக்யூ திருப்பக்குள்ள முழுப் பாட்டும் ஓடிக் கொண்டே இருக்கட்டும்.

பேஸும் கிக்கும் ஆகக் கீழ சண்டை புடிக்கிற ரெண்டு பேர். ஆர் கீழ, ஆர் மேல எண்டு முடிவெடுங்க. கிக் 60ல குத்துது எண்டா பேஸ்ல அந்த இடத்துல கொஞ்சம் குறைச்சு 90, 100ல நிக்க விடுங்க, இல்லாட்டி மறுவளம். எது எண்டாலும் சரி, ஒரே இடத்துல ரெண்டு பேரும் வேணாம். பேஸுக்கு ஒரு சொட்டு டிஸ்டோர்ஷன் போடுறதும் நல்லது, ஏனெண்டா ஃபோன் ஸ்பீக்கர்ல 100 ஹெர்ட்ஸ் எல்லாம் வராது, டிஸ்டோர்ஷனால பிறக்கிற மேல் சுரங்கள் 700, 1,000 கிட்ட கேக்கும், அதக் கேட்டு நம்மட மூள கீழ பேஸ் இருக்கு எண்டு தானே நிரப்பிக் கொள்ளும்.

ட்ரம்ஸுக்குப் பல மைக் வச்சு ரெக்கோட் பண்ணியிருந்தா இதயும் பாருங்க. நம்மட வெயிலுக்கு, ஒரு 30 பாகையில, சத்தம் செக்கனுக்கு 350 மீற்றர் கிட்டப் போகும், அப்ப ஒரு மீற்றர் தள்ளி இருக்கிற மைக்குக்கு 3 மில்லிசெக்கன் பிந்தித்தான் போய்ச் சேரும். ஸ்னேருக்குப் பக்கத்துல ஒரு மைக், தலைக்கு மேல ஓவர்ஹெட் ரெண்டு மைக் எண்டா ஒரே அடி வேற வேற நேரத்துல பதிஞ்சிருக்கும். ஒண்டிண்ட அலை மேல போகக்குள்ள மற்றதிண்ட அலை கீழ போனா ரெண்டும் ஒண்ட ஒண்டு தின்னும், ஸ்னேர் கடதாசி மட்டை மாதிரிக் கேக்கும். ட்ரெக்ல பேஸ் மாத்துற பட்டன், அதாவது அலையத் தலைகீழாக்கிற பட்டன், வட்டத்துல குறுக்குக் கோடு போட்டிருக்கும், அத அமத்திப் பாத்து எதுல ஸ்னேர் தடிப்பாக் கேக்குதோ அத வைங்க. (இந்த பேஸ் வேற, பேஸ் கிட்டார் வேற, தமிழ்ல எழுதக்குள்ள ரெண்டும் ஒண்டா வருது.) ஒரு பட்டன்ல போற வேலைக்கு ஈக்யூவோட மணித்தியாலக் கணக்கா மல்லுக்கட்டின ஆக்கள எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பிரிக்கிற வேல. ஒட்டுற வேலைக்குக் கொம்ப்ரசர். கொம்ப்ரசர் எண்டா வொல்யூம் குமிழ்ல கைய வச்சுக் கொண்டு இருக்கிற ஒரு ஆள் மாதிரி, சத்தம் ஒரு அளவத் தாண்டினா கீழ இறக்குவார், குறைஞ்சா விடுவார். எவ்வளவு தாண்டினா இறக்கணும் எண்டுறது த்ரெஷோல்ட். எவ்வளவு இறக்கணும் எண்டுறது ரேஷியோ, நாலுக்கு ஒண்டு எண்டா 4 டெசிபெல் தாண்டி வந்தத 1 டெசிபெலா விடுவார். எவ்வளவு கெதியா இறக்கணும் எண்டுறது அட்டாக், எவ்வளவு கெதியா விடணும் எண்டுறது ரிலீஸ். குரலுக்குக் கட்டாயம் வேணும், ஏனெண்டா பின்னால நிக்கிற கிட்டார்ப் பாய் ஏறி இறங்காது, குரல் ஒரு சொல்லுல இறங்கினா அந்தச் சொல்லு போச்சு. டிஸ்டோர்ஷன் கிட்டாருக்கு அனேகமாத் தேவையில்ல, அது ஏற்கனவே நசுங்கித்தான் வருது.

ட்ரம்ஸ் ட்ரெக் எல்லாத்தயும் ஒரு பஸ்ஸுக்குள்ள அனுப்பி, அதாவது ஒரு பொதுப் பாதையில சேர்த்து, அதுல ஒரு கொம்ப்ரசர் போடுங்க. முழுப் பாட்டுக்கும் கடைசியில இன்னொண்டு, ரெண்டுக்கு ஒண்டு, அட்டாக் மெதுவா 30 மில்லிசெக்கன், ஊசி 1, 2 டெசிபெல் மட்டும் ஆடினாக் காணும். கிக் அடிக்கக்குள்ள முழு பேண்டும் கொஞ்சம் அமுங்கி எழும்பும், எல்லாரும் ஒரே அறைக்குள்ள ஒரே மூச்சுல வாசிக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். அட்டாக் ஏன் மெதுவா எண்டா குத்திண்ட முனை தப்பி வெளிய வரணும், கெதியா வச்சா முனைய நசுக்கிரும், பாட்டு தூங்கிரும்.

ரிவெர்ப், அதாவது எதிரொலி, அதுக்கு அதிகம் சொல்ல இல்ல. புளியந்தீவுல பெரிய தேவாலயத்துக்குள்ள நிண்டு கை தட்டிப் பாருங்க, பிறகு கல்லடிக் கடற்கரையில நிண்டு தட்டிப் பாருங்க, வித்தியாசம் விளங்கும். வேகமான பாட்டுக்கு நீட்டு ரிவெர்ப் போட்டா அடுத்த அடி வாறதுக்குள்ள முந்தின அடியிண்ட வால் இன்னும் கிடக்கும், திரும்ப மறைப்புத்தான். ஒரு சின்ன அறை ரிவெர்ப் ஒண்ட எடுத்து ட்ரம்ஸயும் குரலயும் கிட்டாரயும் கொஞ்சம் கொஞ்சம் அதுக்குள்ள அனுப்புங்க, ஒவ்வொண்டுக்கும் வேற வேற ரிவெர்ப் போட வேணாம்.

எனக்கு ஆகப் புடிச்ச வேல ஓட்டோமேஷன், ஃபேடர் பாட்டோட சேர்ந்து தானா ஏறி இறங்குறது. ஆக்கள் இத ஆகக் கடைசியா, களைச்சுப் போன பிறகு செய்யிறாங்க, எனக்கு எண்டா முழு மிக்ஸும் இங்கதான் உயிர் பெறுது. கூத்துல நல்ல மத்தளக்காரர் பாட்டுக்கு அடக்கி வாசிச்சு ஆட்டத்துக்கு எழும்புறது மாதிரி, பாடுற இடத்துல கிட்டார ஒரு டெசிபெல் இறக்குங்க, பாடாத இடத்துல ஏத்துங்க. கோரஸ் பெரிசாத் தெரியணும் எண்டா அதுக்கு முந்தின ரெண்டு வரியில எல்லாத்தயும் அரை டெசிபெல் மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டு வாங்க, அகலத்தயும் கொஞ்சம் ஒடுக்குங்க, கோரஸ் வந்த உடன திறந்து விடுங்க. கேக்கிறவனுக்கு என்ன நடந்தது எண்டு தெரியா, ஆனா நெஞ்சுல அடிக்கும். எல்லா இடமும் ஒரே சத்தமா இருந்தா ஒரு இடமும் சத்தமா இல்ல, காது எப்பயும் முந்தினதோட ஒப்பிட்டுத்தான் அளக்குது.

கடைசியில லிமிட்டர் (சத்தத்த ஒரு அளவுக்கு மேல ஏற விடாத கொம்ப்ரசர்) போட்டு வானம் முட்டக் கூட்டுறதுல பிரயோசனம் குறைவு. ஸ்பொட்டிஃபை மாதிரி இடங்கள்ல பாட்டுகள மைனஸ் 14 லஃப்ஸ் கிட்ட ஒரே அளவாக்கித்தான் சாதாரணமாப் போடுறாங்க, லஃப்ஸ் எண்டா முழுப் பாட்டும் சராசரியா எவ்வளவு சத்தம் எண்டு காதுக்கு ஏத்த மாதிரி அளக்கிற அளவு. நீங்க குத்தெல்லாம் நசுக்கி மைனஸ் 6க்குக் கொண்டு போனாலும் அங்க அவங்க இறக்கிருவாங்க, நசுக்கினது மட்டும் மிஞ்சும். ரொக்குக்குக் கொஞ்சம் இறுக்கம் வேணும்தான், அதுக்காக ஸ்னேர பலி குடுக்காதீங்க. உச்சி மைனஸ் 1 டெசிபெலத் தாண்டாமப் பாத்துக் கொண்டாச் சரி.

பிறகு வெளிய கொண்டு போய்க் கேளுங்க. நான் ஃபோன்ல ஒருக்கா, இயர்ஃபோன்ல ஒருக்கா, பிறகு தெரிஞ்ச ஒராளிண்ட ஓட்டோவுக்குள்ள பின் சீட்டுல இருந்து ஒருக்கா கேப்பன், எஞ்சின் ஓடக்குள்ள. அந்த எஞ்சின் இரைச்சல் கீழ் பகுதிய முழுக்க மறைச்சிரும், அதத் தாண்டிக் குரலும் ஸ்னேரும் வந்தா எனக்கு நிம்மதி.

தம்பி ரெண்டு கிட்டாரயும் கெயின் குறைச்சு, ரெண்டு தரமா வாசிச்சுத் திரும்ப ரெக்கோட் பண்ணி, போன கிழம புது மிக்ஸ் ஒண்டு அனுப்பினான். அத அவன் வீட்டுல ஃபோன்ல போட்டுக் கேட்டுக் கொண்டு இருக்கக்குள்ள குசினிக்குள்ள இருந்து அவன்ட அம்மா, "என்ன மனே, முகத்துவாரத்த வெட்டச் சொல்லியா பாடுற" எண்டு கேட்டாவாம். அவன் எனக்கு இதச் சொல்லக்குள்ள குரலே மாறிப் போயிட்டு. கடைசிக் கோரஸ்ல ஸ்னேர் இன்னும் அமுங்குது, ஓவர்ஹெட் மைக் ரெண்டும் ஒரே உயரத்துல இல்ல எண்டு நினைக்கிறன், வாற ஞாயிறு போய் நூல் பிடிச்சு அளந்து வச்சு அந்தப் பகுதிய மட்டும் திரும்ப எடுக்கிறதா இருக்கு.